மூன்றாவது விரல்

தூலிக்கியை விறகுக் கட்டையால் அடித்தே கொன்றிருந்தான். அந்த அம்மாளுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முதல் அடியிலேயே உயிர் போயிருக்கும். அதற்குப் பிறகும் கை ஓயும்வரை அடித்திருந்தான். பின்லாந்தின் ரவுமா ஊரில் அவள் வீட்டுச் சவுனா எனும் நீராவிக் குளியல் அறையின் பலகைச் சுவர் மூன்று பக்கமும் ரத்தம்.

அடித்தவன் யார் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. கடல் தாண்டி, பக்கத்து நாட்டுத் தாலின் நகரைச் சேர்ந்த ஐவார். தூலிக்கி தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்த லேலோவின் புருஷன். லேலோ பின்வாசல் வழியாக, ஏழு வயது மகள் மிர்டெலை இடுப்பில் தூக்கிக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல் பனியில் ஓடித் தப்பித்திருந்தாள். இப்போது தாயும் மகளும் பின்லாந்தின் மறுகோடியில், ஹமினாவில், போலீஸ் பார்த்துக் கொடுத்த ஒரு வீட்டில் கதவைத் தாழிட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"கொன்னவன் யாருன்னு தெரியும். எப்படிக் கண்டுபிடிச்சான்னுதான் தெரியல" என்றாள் வைகே. "அது தெரியாத வரைக்கும் அவளை எந்த ஊர்ல கொண்டுபோய் வச்சாலும், அடுத்த கட்டை அவ தலையிலதான்."

வைகே தாலின் போலீசில் பல வருஷம் இருந்து, மேலதிகாரியிடம் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவள். இப்போது ஒரு ரொட்டிக் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம். அதிகம் பேசமாட்டாள். இந்த வழக்கில் அவள் வழக்கத்தைவிடவும் குறைவாகப் பேசினாள். காரணம் கஸ்பாருக்குத் தெரியும். லேலோவைக் கடல் தாண்டி அனுப்பியது வைகே. தூலிக்கி அவளுடைய பழைய சிநேகிதி. "என் தோழி வீட்டுல ஒரு எறும்புகூட உன்னைத் தேடி வராது" என்று லேலோவிடம் சொன்ன வாய் வைகேயுடையது.

கஸ்பார் அவளுடைய உதவியாளன். முன்பு தாலினுக்கும் ஹெல்சின்கிக்கும் நடுவே ஓடும் கப்பலில், குடித்துவிட்டு ஆடுகிறவர்களுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவன். வாய் சும்மா இருக்காது. பயம் வந்தால் இன்னும் அதிகமாகப் பேசுவான். அன்று காலையிலிருந்து நிறையப் பேசிக்கொண்டிருந்தான்.

"பாஸ், அவ போனைத் தூக்கிப் போட்டுட்டா. பேங்க் கார்டைத் தொடல. கூடப்பிறந்த அண்ணன்கிட்டகூடச் சொல்லல. அப்புறம் எப்படி? நாய் மாதிரி மோப்பம் பிடிச்சானா?"

"ஒண்ணே ஒண்ணை அவளால விட முடியல."

"எதை?"

"பொண்ணோட இன்சுலினை."

மிர்டெலுக்குச் சர்க்கரை நோய். தாலினில் டாக்டர் எழுதுகிற மருந்து, கடலுக்கு அந்தப் பக்கம் பின்லாந்து மருந்துக்கடையின் கணினியில் தெரியும். அட்டையைக் காட்டினால் போதும், கொடுத்துவிடுவார்கள். கொடுத்த விவரம் அதே நிமிஷம் தாலினுக்குத் திரும்பிவரும். அந்த ஒரு நூல்தான் லேலோவை ஊரோடு கட்டி வைத்திருந்தது. இரண்டு நாட்டு நோயாளிக் குறிப்புகளும் கைமாறுகிற அந்த அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களில் ஒருவன் எல்மர். ஐவாரின் சித்தப்பா மகன்.

"அவ்வளவுதான், கதை முடிஞ்சுது" என்றான் கஸ்பார். "தம்பி எட்டிப் பார்த்தான், அண்ணன் எட்டிப் பிடிச்சான். சாயங்காலத்துக்குள்ள கேஸை முடிச்சிட்டுச் சூப் குடிக்கப் போயிடலாம்."

தாலினின் முஸ்தமே பகுதியில் எல்மரின் வீடு. கதவைத் திறந்தவன் ஒல்லியாக, மீன் வெளுப்பில் இருந்தான். இடது கையில் பெரிய கட்டு. வழக்கம்போல வாசலிலேயே காலணிகளைக் கழற்றினார்கள். கஸ்பாரின் காலுறைக்கு வெளியே கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

"மிரட்ட வர்ற அன்னிக்குப் பார்த்துத்தான் இது கிழியுது" என்று முணுமுணுத்தான்.

எல்மர் உட்காரச் சொல்லவில்லை. "நான் பார்க்கல" என்றான், அவர்கள் கேட்பதற்கு முன்பே. "யாரும் பார்க்கல. போலீஸ்கிட்டயும் இதைத்தான் சொன்னேன். யார் யாரோட குறிப்பைத் திறந்தாலும் பேர் பதிஞ்சிடும். அந்த நோயாளியே வீட்டுல உட்கார்ந்து பார்க்கலாம், இன்னிக்கு யார் என் குறிப்பைத் திறந்தாங்கன்னு. போன வருஷம் ஒரு நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன வியாதின்னு சும்மா பார்த்தா. ஒரே வாரத்துல வேலை போச்சு."

அது உண்மைதான். லேலோ அதைத் தூலிக்கியின் கணினியில் தினமும் பார்த்து வந்தாள். அவள் குறிப்பை ஒருவரும் தொடவில்லை.

"கையில என்ன?" என்றாள் வைகே.

"கார் கதவுல மாட்டிக்கிச்சு."

"கார் கதவு நாலு விரலையும் ஒண்ணா நசுக்கும். உனக்குச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் கட்டுல இருக்கு. நடுவிரல் நல்லா இருக்கு. முதல்ல ஒண்ணை ஒடிச்சிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அப்புறம் அடுத்ததை ஒடிக்கிற கார் கதவை நான் பார்த்ததில்லை."

எல்மரின் முகம் கோணியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அழுகை வந்துவிட்டது.

லேலோ காணாமல் போன வாரம் ஐவார் வந்திருக்கிறான். இதே சமையலறை மேஜையில் எல்மரின் கையை அழுத்தி வைத்துக்கொண்டு, அவள் எங்கே மருந்து வாங்குகிறாள் என்று பார்த்துச் சொல் என்றிருக்கிறான். முடியாது என்றதும் சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கியிருக்கிறான். காய்ந்த குச்சி மாதிரி சத்தம் வந்தது என்றான் எல்மர். கத்தினால் வாயில் துணி. மறுபடி கேள்வி. மறுபடி முடியாது. மோதிர விரல்.

"ரெண்டு விரல் போச்சுங்க. அப்பவும் நான் பார்க்கல. பார்த்திருந்தா என் பேர் அங்க இருக்கும்ல? இல்லையே. நான் ஒண்ணும் பெரிய வீரன் இல்ல. ஆனா அதை மட்டும் செய்யமாட்டேன்."

கஸ்பாருக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காலையிலிருந்து அவனைத் திட்டித் தீர்த்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வைகே எழுந்திருக்கவில்லை. நன்றாக இருந்த நடுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை ஏன் விட்டான்?"

"பாவம் பார்த்திருப்பான்..."

"தூலிக்கியோட முகத்தை நீ பார்த்திருந்தா அந்த வார்த்தை உன் வாயில வராது. விரலைப் பிடிச்சானா?"

"பிடிச்சான்."

"பிடிச்சவன் விட்டுட்டான். அந்த நேரத்துல நீ என்ன சொன்னே? ஒரு சொல் மாறாம சொல்லு."

"ஒண்ணும் சொல்லலை. சட்டத்தைத்தான் சொன்னேன். 'அடிச்சுக் கொன்னாலும் என்னால முடியாது. இந்த நாட்டுல அடுத்தவன் குறிப்பை எவனும் பார்க்க முடியாது. ஒரு மனுஷன் தன்னோடதைப் பார்க்கலாம், தன் பிள்ளையோடதைப்...'"

அங்கே நின்றுவிட்டான். வாய் திறந்தபடி இருந்தது. தான் சொன்னது தன் காதில் விழ அவனுக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

"பிள்ளையோடதைப் பார்க்கலாம்னு சொன்னே" என்றாள் வைகே. "அவனுக்கு அப்புறம் உன் விரல் தேவைப்படல."

எல்மர் தலையை மேஜையில் வைத்துக்கொண்டான். எல்லாரும் தாயின் குறிப்புக்குக் காவல் இருந்தார்கள். மருந்து மகள் பெயரில் இருந்தது. அப்பன்காரன் தன் அடையாள அட்டையைக் கணினியில் போட்டு, முன்வாசல் வழியாகவே உள்ளே போய், மகள் எந்த ஊரில் எந்தக் கடையில் இன்சுலின் வாங்கினாள் என்று படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

வைகே அதற்குள் போனில் லேலோவைப் பிடித்துவிட்டாள்.

"எங்க இருக்கே?"

"கடைக்கு வந்திருக்கேன் அக்கா. ஓடி வந்தப்போ மருந்தையெல்லாம் ரவுமாவுலேயே விட்டுட்டேன். கையில நாளைக்கு வரைக்கும்தான் இருக்கு. மூணாவதா நிக்கிறேன், கூப்பிடப்போறாங்க."

"வெளியே வா. வாங்காதே. இப்பவே வா."

லேலோ ஏன் என்று கேட்கவில்லை. ஐவாரோடு எட்டு வருஷம் வாழ்ந்தவள், ஓடு என்றால் ஓடத்தான் தெரியும். தெருவுக்கு வந்ததும், வைகே சொன்னபடி, போலீஸ் கொடுத்த போனில் மிர்டெலின் பக்கத்தைத் திறந்து, யார் யார் பார்த்தார்கள் என்று வாசித்தாள். டாக்டர். பள்ளிக்கூட நர்ஸ். அடுத்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள்.

"அப்பான்னு இருக்கு. தினமும் காலையில. தினமும் இருக்கு அக்கா."

மதியக் கப்பலில் ஏறினார்கள். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கஸ்பார் ஒரு தட்டு நிறைய மீனும் கறுப்பு ரொட்டியும் எடுத்துவந்து, தின்னாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"அவன் கணக்கை இப்பவே மூடச் சொல்லுங்க பாஸ். கொலைகாரன்னு தெரிஞ்சவனுக்கு எதுக்கு ஜன்னல் திறந்து வச்சிருக்கணும்?"

"தகப்பன் உரிமையை கோர்ட்தான் எடுக்கணும். நாளாகும். ஆனா அதை விடு. மூடினா அவனுக்குத் தெரிஞ்சுபோயிடும், வேற வழி தேடுவான். இப்போ அவன் எந்த ஜன்னல் வழியா பார்க்கிறான்னு நமக்குத் தெரியும். அந்த ஜன்னல்ல எதை வைக்கிறதுன்னு நாம முடிவு பண்ணலாம்."

"புரியல."

"ரவுமாவுல வீட்டு விலாசம் அவனுக்குத் தெரியாது. கடைதான் தெரியும். கடைக்கு வெளியே காத்திருந்து, அவ அடுத்த தடவை வந்தப்போ பின்னாலயே போயிருக்கான். இந்தத் தடவையும் கடையில வந்துதான் காத்திருப்பான். எந்தக் கடைன்னு நாம சொல்லுவோம்."

கஸ்பார் ஒரு துண்டு மீனை வாயில் போட்டுக்கொண்டான். "அதாவது மாட்டுக்குப் புல்லைக் காட்டி ஓட்டிட்டுப் போற மாதிரி."

"மாடு கொல்லாது. இவன் கொல்லுவான். கத்தி இறங்காத உன் சட்டையைப் போட்டுக்கோ."

"அது துவைக்கப் போட்டிருக்கு."

வைகே அவனைப் பார்த்த பார்வையில், கஸ்பார் தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

தேர்ந்தெடுத்த ஊர் லோவீசா. ஹமினாவுக்குப் போகிற வழியில் இருக்கிற சின்ன ஊர். மருந்துக்கடைக்காரி குன்வோர், வெள்ளைக் கோட்டின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டிருக்கிற ரகம். வைகே விஷயத்தைச் சொல்லி, மிர்டெல் பெயரில் ஒரு டப்பா கொடுத்ததாகப் பதிவு போடச் சொன்னாள். போலீஸ் சார்ஜென்ட் இஸ்மோ பக்கத்திலேயே நின்று தலையாட்டினார்.

"முடியாது" என்றாள் குன்வோர். "கொடுக்காத மருந்தைக் கொடுத்ததா எழுத மாட்டேன். குழந்தையோட அட்டையோட அம்மா நேர்ல வரட்டும். கொடுக்கிறேன், எழுதறேன்."

"ஒரு பொம்பளையோட உயிர்ங்க இது" என்றான் கஸ்பார், கப்பலில் பொறுக்கிய பின்னிஷ் மொழியில்.

"நான் பொய்யா எழுத ஆரம்பிச்சா எத்தனை பேரோட உயிர் தெரியுமா? அந்தப் பக்கத்து டாக்டர் நான் எழுதறதை நம்பித்தான் அடுத்த ஊசி போடறாரு."

எல்மரும் இவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்களோ என்று கஸ்பாருக்குத் தோன்றியது.

லேலோவை வரவழைக்க வைகேக்கு மனம் இல்லை. ஒரு தடவை அவளை நம்பவைத்து அனுப்பி, அதற்குத் தூலிக்கி உயிரைக் கொடுத்தாயிற்று. போனில் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். லேலோவே இடைமறித்தாள்.

"நான் வர்றேன். மிர்டெல் போலீஸ்கிட்ட இருக்கட்டும். என் கழுத்தெலும்பை அவன் ரெண்டு தடவை உடைச்சான் அக்கா. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில மாடிப்படியில விழுந்தேன்னு சொன்னேன். என்னைப் பத்தி எழுதி வச்சிருக்கிற குறிப்பெல்லாம் பொய். என் பொண்ணோட குறிப்பாவது உண்மையா இருக்கட்டும். நானே வந்து வாங்கறேன்."

வந்தாள். ஒரு டப்பா வாங்கினாள். மீதி இரண்டு டப்பாவை நாளை மதியம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அதுவும் அப்படியே பதிவானது. அன்று மாலை இஸ்மோவின் ஆட்கள் அவளைப் பத்திரமாக அழைத்துப்போனார்கள்.

மறுநாள் காலை மிர்டெலின் பக்கத்தில் அப்பா என்று புதிதாக ஒரு வரி விழுந்திருந்தது.

மதியம். கடைக்கு எதிரே நிறுத்திய காரில் இஸ்மோவும் இன்னொரு போலீஸும். அவர்கள் கையில் ஐவாரின் படம். தாடி, அகன்ற தோள், கதவு நிலை இடிக்கிற உயரம். அப்படி ஒருவனும் தெருவில் வரவில்லை. உள்ளே வைகே கைக்குப் பூசுகிற களிம்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கஸ்பார் வாசலில் இயந்திரத்திலிருந்து வரிசை எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்தான். பெஞ்சில் ஒரு கர்ப்பிணிப் பெண், இரண்டு கிழவர்கள், ஊன்றுகோலும் காலில் கட்டுமாக முகம் மழித்த ஒருவன். ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல், நடுவில் முடிந்தவரை இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்த நாட்டில் அதுதான் மரியாதை.

பலகையில் எண் மாறியது. அறுபத்தொன்று.

யாரும் எழவில்லை. குன்வோர் அந்த ஊர் வழக்கப்படி ஸ்வீடிஷில் ஒரு தடவை, பின்னிஷில் ஒரு தடவை கூப்பிட்டாள். கர்ப்பிணி தன் சீட்டைப் பார்த்தாள். கிழவர்கள் தங்கள் சீட்டைப் பார்த்தார்கள். கஸ்பாரும், கையில் இருப்பது அறுபத்தைந்து என்று தெரிந்தும், பார்த்தான். குன்வோர் உதட்டைச் சுழித்துக்கொண்டு அடுத்த எண்ணைப் போட்டாள்.

வைகே களிம்பைக் கீழே வைத்தாள். கஸ்பாரின் பின்னால் வந்து குனிந்தாள்.

"சீட்டைப் பார்க்காதவன் யாரு?"

"ஊன்றுகோல்" என்றான் கஸ்பார், உதடு அசையாமல். "பாஸ், இந்த ஊர்ல தன் முறையை விட்டுக்கொடுக்கிறவன் ஒண்ணு செத்திருக்கணும், இல்லைன்னா..."

சொல்லி முடிக்கவில்லை. கதவு திறந்து, சொன்ன நேரத்துக்கு லேலோ உள்ளே வந்தாள்.

ஊன்றுகோல்காரன் எழுந்தான். எழ எழ உயரமாகிக்கொண்டே போனான். வளைந்து உட்கார்ந்திருந்த உடம்பு நிமிர்ந்ததும் கடை சின்னதாகிவிட்டது. வைகே பாய்ந்தாள். ஊன்றுகோல் சுழன்று அவள் காதோடு சேர்த்து அறைந்தது. களிம்பு அலமாரியோடு அவள் தரையில் விழுந்தாள். கண்ணாடி நொறுங்கியது. கர்ப்பிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள்.

"எங்கடி என் பொண்ணு?"

லேலோவின் முடியைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டான். மறு கையில் கத்தி இருந்தது. கஸ்பார் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பான். தலையைத் தாழ்த்திக்கொண்டு ஐவாரின் இடுப்பில் போய் மோதினான். கத்தி தொடைக்குள் இறங்கியது முதலில் வலிக்கவில்லை. சூடாக மட்டும் இருந்தது. ஐவார் அதை உருவி மறுபடி ஓங்கினான். கஸ்பார் அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். ஐவார் அவன் முகத்தை முழங்காலால் இடித்தான். பல் ஒன்று நாக்கின் மேல் வந்து விழுந்தது.

"பாஸ்" என்றான் ரத்தத்தின் நடுவே, "இன்னிக்குச் சம்பளம் ரெண்டு மடங்கு."

வைகே எழுந்துவிட்டாள். காதிலிருந்து கழுத்து வழியே சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. கீழே கிடந்த ஊன்றுகோலை எடுத்தாள். தலைக்குக் குறி வைக்கவில்லை. முழங்கால் முட்டியின் பக்கவாட்டில், இரண்டு கையாலும், தூலிக்கியை நினைத்துக்கொண்டு அடித்தாள். கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. ஐவார் அலறியபடி சரிந்தான். கத்தி பெஞ்சுக்கு அடியில் போனது.

லேலோ ஓடவில்லை. வைகேயின் கையிலிருந்து ஊன்றுகோலைப் பிடுங்கினாள். அவன் தோளில் அடித்தாள். கழுத்தெலும்பில் அடித்தாள். மறுபடி அதே இடத்தில் அடித்தாள். ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் கஸ்பாருக்குப் பயமாக இருந்தது. அடுத்தது தலைக்கு ஓங்கினாள்.

வைகே அந்தக் கையைப் பிடித்தாள். "போதும்."

"விடுங்க."

"விட்டா இவன் சாவான். நீ ஜெயிலுக்குப் போவே. மிர்டெலுக்கு ஊசி போட யாரும் இருக்க மாட்டாங்க."

லேலோவின் கை காற்றில் நின்றது. அப்புறம் இறங்கியது. அதற்குள் இஸ்மோ கதவை உதைத்துக்கொண்டு வந்து ஐவாரின் முதுகில் முழங்காலை வைத்துவிட்டார். கைவிலங்கு பூட்டும்போதும் அவன் தலையைத் திருப்பி லேலோவைத்தான் பார்த்தான்.

"நான் அவ அப்பன்டி" என்றான், வாயில் நுரையோடு. "எங்க போனாலும் எனக்குத் தெரியும். எந்த ஊர், எந்தக் கடை, எல்லாம் தெரியும். உள்ள போட்டாலும் தெரியும்."

அவனை இழுத்துப்போனார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை கஸ்பார் பெஞ்சில் படுத்திருந்தான். குன்வோர் அவன் தொடையில் துணி வைத்து அழுத்திக் கட்டினாள். கோட்டின் பொத்தான்கள் அறுந்து தொங்கின. கட்டு மட்டும் ஒழுங்காக இருந்தது. அப்புறம் அவள் போய்க் கையைக் கழுவிக்கொண்டு, கவுண்டருக்குப் பின்னால் நின்றாள். லேலோ அங்கே வந்து மகளின் அட்டையை வைத்தாள். அட்டையில் ரத்தம் ஒட்டியிருந்தது.

குன்வோர் இரண்டு டப்பாவை எடுத்து வைத்தாள். விசைப்பலகைக்கு மேல் அவள் விரல் தயங்கியது. வைகேயைப் பார்த்தாள்.

"இதை எழுதினா அந்த ஆளால இன்னும் பார்க்க முடியுமா?"

"கோர்ட் சொல்ற வரைக்கும் முடியும்" என்றாள் வைகே. சொல்லவே அவளுக்குக் கசந்தது. "சட்டப்படி அவன் இன்னும் அப்பன்தான்."

குன்வோர் விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். டப்பாக்களை லேலோ பக்கம் தள்ளினாள்.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள் மெல்ல. "இந்த ஒரு தடவை நான் எழுதல. முப்பது வருஷத்துல இப்படிச் செஞ்சதில்லை. பரவாயில்லை."

பெஞ்சில் கிடந்த கஸ்பாருக்குக் கண்ணில் நீர் முட்டியது. வலியால் என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

லேலோ டப்பாக்களைத் தொடவில்லை. முடி பிய்ந்த இடத்திலிருந்து நெற்றியில் இறங்கிய ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"எழுதுங்க" என்றாள். "ஊர் பேரைப் போடுங்க, கடை பேரைப் போடுங்க. அடுத்த மாசமும் வாங்குவேன், அதுக்கு அடுத்த மாசமும் வாங்குவேன். அவன் உள்ள உட்கார்ந்து ஒவ்வொண்ணா படிக்கட்டும். என் பொண்ணு உயிரோட இருக்கான்னு படிக்கட்டும்."

குன்வோர் எழுதினாள்.